செல் எப்படிச் சாகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செல் இறப்பைப் புதிதாகப் படிப்பவர்களும், ஆய்வகத்தில் முதன்முறையாக, சாகும் செல்லை அடையாளம் காட்டும் அனெக்சின் சாயம் ஏற்றிப் பார்ப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே விட்டிருக்கிறோம். அடிப்படை தெரிந்தவர்கள் நேராக 10ஆம் கேள்விக்குப் போகலாம். ஆனால் 5ஆம் பதிலை மட்டும் யாரும் தாண்ட வேண்டாம். பின்னால் வரும் பாதிக் குழப்பத்துக்கு விடை அதில்தான் இருக்கிறது.

1. செல் செத்தால் செத்ததுதானே? அதில் என்ன திட்டமிட்ட சாவு, திட்டமிடாத சாவு?

கொதிநீர் பட்ட தோலில் ஒரு செல்லைப் பாருங்கள். சவ்வு கிழிகிறது, நீர் உள்ளே பாய்கிறது, செல் ஊதி வெடிக்கிறது, உள்ளிருந்த நொதிகளெல்லாம் வெளியே கொட்டுகின்றன. பக்கத்துத் திசு சிவந்து வீங்குகிறது. இது நெக்ரோசிஸ்.

இன்னொரு வகையில் எல்லாமே தலைகீழ். செல் சுருங்குகிறது. அண்டைச் செல்களைப் பற்றியிருந்த பிடியை விடுகிறது. உட்கருவில் டிஎன்ஏ சுற்றிய குரோமாட்டின் இறுகி ஓரத்தில் பிறை போல ஒதுங்குகிறது. பிறகு உட்கருவே துண்டாகிறது. மேற்பரப்பில் கொப்புளங்கள் எழுகின்றன. கடைசியில் செல் சிறு பொட்டலங்களாகப் பிரிகிறது. ஒவ்வொரு பொட்டலமும் சவ்வால் மூடியே இருக்கிறது. அதை அண்டைச் செல்லோ, மேக்ரோபேஜ் என்ற துப்புரவுச் செல்லோ விழுங்கிவிடுகிறது. எதுவும் சிந்துவதில்லை, அழற்சியும் இல்லை. 1972இல் கெர், வில்லி, கரி மூவரும் இதற்கு அப்போப்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள். உதிர்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. காற்று பிய்த்தெறிந்த பச்சை இலைக்கும், மரம் தானே காம்பை அறுத்து விடுவித்த பழுத்த இலைக்கும் உள்ள வித்தியாசம்தான் இரண்டுக்கும்.

2. ஒரு நாளைக்கு நம் உடம்பில் எத்தனை செல் சாகும்? அவ்வளவு பிணமும் எங்கே போகிறது?

வளர்ந்த மனித உடலில் நாளொன்றுக்குச் சுமார் 33,000 கோடி செல்கள் போய்ப் புதியவை வருகின்றன என்பது ஒரு மதிப்பீடு. பெரும்பங்கு இரத்தச் செல்கள். அடுத்த இடம் குடலின் உள்பூச்சுச் செல்களுக்கு. இதில் சிவப்பணுவை மட்டும் தனியாக வையுங்கள். அதற்கு உட்கருவும் கிடையாது, மைட்டோகாண்ட்ரியாவும் கிடையாது. அதனால் 5ஆம் பதிலில் வரும் வழி அதற்குப் பொருந்தாது. சுமார் 120 நாள் ஓடித் தளர்ந்ததும் மண்ணீரலிலும் கல்லீரலிலும் உள்ள மேக்ரோபேஜ்கள் அதை முழுதாகப் பிடித்து விழுங்குகின்றன.

பிணம் கண்ணில் படாததற்குக் காரணம் சுத்தம் செய்யும் வேகம். தைமஸ் சுரப்பியில் உருவாகும் டி செல்களில் 95 சதவீதத்துக்கும் மேல் அங்கேயே சாகின்றன. ஆனால் தைமஸை மெல்லியதாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்தால் இறந்த செல் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் தெரியும். "திசுவில் இறந்த செல் குறைவாகத் தெரிகிறது, ஆகவே சாவு குறைவு" என்று எழுதும் அறிக்கைகள் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன.

3. உருவாக்கிய செல்லையே கொல்வது வீண் செலவு இல்லையா?

சிற்பி கல்லைக் கொத்தி எறிவதை யாரும் வீண் என்று சொல்வதில்லை. கருவில் கை முதலில் துடுப்பு மாதிரி இருக்கிறது. விரல்களுக்கு இடையிலுள்ள செல்கள் சாவதால் விரல்கள் பிரிகின்றன. வாத்தின் பாதத்தில் அந்தச் சாவுக்கான சமிக்ஞையை கிரெம்லின் என்ற புரதம் தடுக்கிறது, சவ்வு அப்படியே நிற்கிறது. தலைப்பிரட்டையின் வால் மறைவதும் தைராய்டு ஹார்மோன் தூண்டும் இதே வேலை.

நரம்பு மண்டலத்தில் கணக்கு இன்னும் கடுமை. வளர்ச்சியின்போது பல பகுதிகளில் நியூரான்கள் தேவையைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு உருவாகின்றன. அவை போய்ச் சேரும் திசு, நரம்பு வளர்ச்சிக் காரணி போன்ற உயிர்காக்கும் புரதங்களைக் கொஞ்சமாகத்தான் சுரக்கிறது. கிடைத்தவை வாழ்கின்றன, கிடைக்காதவை சாகின்றன. எத்தனை நியூரான் வேண்டும் என்று முன்கூட்டியே எண்ணி வைக்காமலே எண்ணிக்கை சரியாகிவிடுகிறது. இதில் கவனிக்க வேண்டியது: அந்த நியூரான்களுக்கு யாரும் "சாகு" என்று கட்டளை அனுப்பவில்லை. "வாழு" என்ற சொல் வரவில்லை, அவ்வளவுதான். பலசெல் உயிரியின் பெரும்பாலான செல்கள் இப்படி அக்கம்பக்கத்துச் செல்களின் சம்மதத்தில்தான் உயிரோடு இருக்கின்றன.

4. ஏதோ ஒரு புழுவை வைத்துத்தான் இதைக் கண்டுபிடித்தார்களாமே?

ஆமாம், சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ். 1 மில்லிமீட்டர் நீளம், கண்ணாடி போல உடம்பு, ஒவ்வொரு செல்லின் பிறப்பையும் நேரடியாகப் பார்த்து எழுதலாம். இருபாலினப் புழுவின் வளர்ச்சியில் 1,090 உடற்செல்கள் உருவாகின்றன, அதில் 131 சாகின்றன, 959 மிஞ்சுகின்றன. ஒவ்வொரு புழுவிலும் அதே 131. இந்தத் துல்லியம்தான் சாவுக்கு மரபணு ஆணை இருக்கிறது என்று காட்டியது.

செட்-3, செட்-4 என்ற இரண்டு மரபணுக்களில் எது பழுதானாலும் அந்த 131 செல்களும் பிழைத்துக்கொள்கின்றன. செட்-9 பழுதானால் வாழ வேண்டியவையும் சாகின்றன. மனிதரில் இவற்றின் உறவினர்கள் முறையே கேஸ்பேஸ்கள், அப்பாஃப்-1, பிசிஎல்-2. பிரென்னர், சல்ஸ்டன், ஹார்விட்ஸ் மூவருக்கும் 2002 மருத்துவ நோபல் பரிசு கிடைத்ததில் இந்த வேலைக்குப் பெரும் பங்கு உண்டு.

5. சரி, செல்லுக்குள் உண்மையில் என்னதான் நடக்கிறது? வரிசையாகச் சொல்லுங்கள்.

கத்தி ஏற்கெனவே உறைக்குள் இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். கேஸ்பேஸ்-3 போன்ற வெட்டும் நொதிகள் ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் செயலற்ற முன்வடிவில் எப்போதும் தயாராக இருக்கின்றன. மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் துளை போடக்கூடிய பேக்ஸ், பேக் என்ற இரண்டு புரதங்களும் அப்படியே. அவர்கள் கையைப் பிடித்து நிறுத்தி வைத்திருப்பவை பிசிஎல்-2, பிசிஎல்-எக்ஸ்எல், எம்சிஎல்-1 ஆகிய காப்புப் புரதங்கள்.

டிஎன்ஏ சேதம், வளர்ச்சிக் காரணி வராமை, தவறாக மடிந்த புரதங்களின் குவியல் என்று எந்த நெருக்கடி வந்தாலும் செல் பிஎச்3 புரதங்களை அனுப்புகிறது: பிம், பூமா, நாக்ஸா, பிட், பேட் முதலியவை. இவை காப்புப் புரதங்களின் பள்ளத்தில் போய் உட்கார்ந்து பிடியைத் தளர்த்துகின்றன. பிம், பிட் போன்ற சில பேக்ஸையும் பேக்கையும் நேரடியாகவே உசுப்புகின்றன. விடுபட்ட பேக்ஸும் பேக்கும் ஒன்றுகூடி வெளிச்சவ்வில் துளை போடுகின்றன. உடனே உள்ளிருந்த சைட்டோகுரோம் சி வெளியே வருகிறது. நாள் முழுக்கச் சுவாசச் சங்கிலியில் எலக்ட்ரான் சுமக்கும் அதே புரதம்தான். அது சாவையும் தொடங்கிவைக்கிறது என்று 1996இல் சியாவ்டோங் வாங் குழு காட்டியபோது பலருக்கு நம்பச் சிரமமாக இருந்தது.

வெளியே வந்த சைட்டோகுரோம் சி அப்பாஃப்-1 உடன் சேர்கிறது. இப்படி ஏழு ஜோடிகள் கூடி ஏழு கரமுள்ள ஒரு சக்கரமாகின்றன. இதற்கு அப்போப்டோசோம் என்று பெயர். இதைக் கட்டச் செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி அல்லது டீஆக்ஸி ஏடிபி வேண்டும். சக்கரத்தின் நடுவில் கேஸ்பேஸ்-9 விழித்துக்கொள்கிறது, அது கேஸ்பேஸ்-3ஐயும் 7ஐயும் வெட்டி உசுப்புகிறது. கடைசியாக ஒரு தடை: எக்ஸ்ஐஏபி என்ற புரதம் விழித்த கேஸ்பேஸையும் அமுக்கிப் பிடிக்கும். அதை விலக்க, அதே துளை வழியே ஸ்மாக் என்ற புரதமும் வெளியேறி வருகிறது. ஆக, முழுக் கதையிலும் புதிதாக உருவாக்குவது மிகக் குறைவு. ஒவ்வொரு படியும் ஒரு தடையை விலக்குவதுதான்.

6. வெளியிலிருந்து இன்னொரு செல் வந்து கொல்லச் சொன்னால்?

அதற்குச் செல்லின் மேற்பரப்பில் சாவு ஏற்பிகள் உண்டு. ஃபாஸ், டிரெயில் ஏற்பிகள் முக்கியமானவை. ஃபாஸ் லிகண்ட் (ஃபாஸ் ஏற்பியில் ஒட்டும் புரதம்) வந்து ஒட்டியதும் ஏற்பிகள் திரண்டு, உட்புறத்தில் ஃபேட் என்ற இணைப்புப் புரதத்தையும் கேஸ்பேஸ்-8ஐயும் கூட்டுகின்றன. நெருங்கி நின்ற கேஸ்பேஸ்-8 மூலக்கூறுகள் ஒன்றையொன்று உசுப்பிக்கொண்டு நேராகக் கேஸ்பேஸ்-3ஐ வெட்டுகின்றன. சில நிணச் செல்களில் இதுவே போதும். கல்லீரல் செல்களில் போதாது. அங்கே கேஸ்பேஸ்-8 முதலில் பிட்டை வெட்டி, வெட்டிய துண்டு மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போய் 5ஆம் பதிலின் பாதையைத் திறக்க வேண்டும். கொல்லும் டி செல் வேறு குறுக்குவழி வைத்திருக்கிறது: பெர்ஃபோரினால் வழி திறந்து கிரான்சைம் பி-யை உள்ளே தள்ளுகிறது, அது கேஸ்பேஸ்-3, பிட் இரண்டையுமே வெட்டும்.

"டிஎன்எஃப் போட்டேன், செல் சாகவே இல்லை" என்று அடிக்கடி வரும் புகாருக்கும் இங்கேயே பதில். டிஎன்எஃப் ஒரு அழற்சிச் சமிக்ஞைப் புரதம். அதன் ஏற்பி முதலில் அனுப்புவது என்எஃப்-கப்பா பி வழியாக உயிர்காக்கும் புரதங்களை உருவாக்கச் சொல்லும் செய்தி. பெரும்பாலான செல்களில் அதுதான் ஜெயிக்கும். சைக்ளோஹெக்சிமைடு போட்டு அந்தப் புரதங்கள் உருவாவதைத் தடுத்தால்தான் சாவைப் பார்க்க முடியும்.

7. கேஸ்பேஸ் விழித்ததும் எல்லாவற்றையும் கரைத்துவிடுமா?

இல்லை. செரிமான நொதி மாதிரி கண்டதையும் தின்னாது. புரதத்தில் அஸ்பார்ட்டிக் அமிலத்துக்கு அடுத்து, அதுவும் குறிப்பிட்ட சூழலில் மட்டும் வெட்டும். நூற்றுக்கணக்கான புரதங்களில் ஓரிரு வெட்டுதான். ஆனால் வெட்டு விழும் இடம் தேர்ந்தெடுத்த இடம்.

1ஆம் பதிலில் சொன்ன ஒவ்வொரு காட்சிக்கும் பின்னால் ஒரு வெட்டு இருக்கிறது. ராக்-1 என்ற கைனேஸின் (பாஸ்பேட் ஏற்றும் நொதி) தடைப்பகுதி வெட்டுப்பட்டால் அது ஓயாமல் இயங்கி ஆக்டின்-மயோசின் வலையை இழுக்கிறது, கொப்புளம் எழுகிறது. உட்கரு உறையைத் தாங்கும் லாமின் வெட்டுப்பட்டால் உட்கரு உறை குலைகிறது. ஐகேட் வெட்டுப்பட்டால் அது கட்டி வைத்திருந்த கேட் என்ற டிஎன்ஏ நொதி விடுபட்டு, நியூக்ளியோசோம்களுக்கு இடையில் புகுந்து குரோமோசோம்களை நறுக்குகிறது. ஒவ்வொரு துண்டும் சுமார் 180 முதல் 200 இணை காரங்களின் மடங்காக இருப்பதால்தான் அகரோஸ் ஜெல்லில் ஏணிப்படி போலப் பட்டைகள் வருகின்றன. நெக்ரோசிஸில் அதே ஜெல் தேய்த்த மை போல இருக்கும்.

8. செத்த செல்லை மேக்ரோபேஜ் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இரண்டு அறிவிப்புகள். தூரத்தில் இருப்பவருக்கு ஒன்று: பேனெக்சின்-1 என்ற வாய்க்கால் கேஸ்பேஸ் வெட்டால் திறந்து ஏடிபி, யுடிபி கொஞ்சம் கசிகிறது, அந்தத் தடம் பிடித்து மேக்ரோபேஜ் வருகிறது. பக்கத்தில் வந்தவருக்கு இன்னொன்று: பாஸ்பாட்டிடைல்செரின். உயிருள்ள செல்லில் இந்தக் கொழுப்பு சவ்வின் உள்பக்கத்தில் மட்டும் இருக்கும். வெளியே வழிந்ததை ஃபிளிப்பேஸ் நொதிகள் ஓயாமல் உள்ளே திருப்பிக்கொண்டே இருக்கும். கேஸ்பேஸ் அந்த ஃபிளிப்பேஸை வெட்டி நிறுத்துகிறது. எக்ஸ்கேஆர்8 என்ற கலக்கியை வெட்டி இயக்குகிறது. கொழுப்பு வெளிப்பக்கம் வந்துவிடுகிறது. நல்ல செல்கள் சிடி47 என்ற புரதத்தை வெளியே காட்டி "என்னைத் தொடாதே" என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

இந்தத் துப்புரவைச் சாவின் பின்கதையாக நினைக்காதீர்கள், அது சாவின் பாதி. எடுக்காமல் விட்ட பொட்டலம் சில மணி நேரத்தில் வெடித்து நெக்ரோசிஸ் மாதிரியே சிந்தும். உட்கருப் பொருள் வெளியே தெரிந்தால் அதற்கு எதிராக எதிர்ப்பொருள் உருவாகலாம். இறந்த செல்களை அகற்ற உதவும் சி1கியூ புரதம் பிறவியிலேயே இல்லாதவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு, எதிர்ப்பொருள்கள் தன் உடலையே தாக்கும் லூபஸ் நோய் வருவது இதனால்தான் என்று கருதப்படுகிறது.

9. ஒரு செல் செத்து முடிய எவ்வளவு நேரம்?

முடிவெடுக்க நேரமாகும், முடிவெடுத்தபின் ஆகாது. ஒரே தாய்ச் செல்லிலிருந்து பிரிந்த இரண்டு செல்களுக்கு ஒரே மருந்தை ஒரே நொடியில் கொடுத்தாலும், ஒன்று சில மணி நேரத்தில் சாகும், இன்னொன்று நாள் முழுக்க இழுக்கும். ஏற்கெனவே கையிருப்பில் உள்ள புரதங்களின் அளவு செல்லுக்குச் செல் மாறுவதே காரணம். ஆனால் முதல் மைட்டோகாண்ட்ரியா துளைபட்டபின் மற்றவையும் பெரும்பாலும் சில நிமிடங்களில் துளைபட்டுவிடும்.

இதனால் ஒரு தட்டிலுள்ள எல்லாச் செல்களையும் அரைத்து எடுத்த அளவீடு ஏமாற்றும். "12ஆம் மணியில் 40 சதவீதக் கேஸ்பேஸ் செயல்பாடு" என்றால் ஒவ்வொரு செல்லும் 40 சதவீதம் செத்தது என்று பொருளில்லை.

10. பி53 தான் செல்லைக் கொல்கிறதா?

பி53 என்ற புரதம் நீதிபதி மாதிரி. தூக்குப் போடுவது வேறு ஆள். டிஎன்ஏ சேதமானால் பி53 பெருகி, பி21 மரபணுவை இயக்கிச் செல் பிரிவதை நிறுத்துகிறது. சேதம் தாங்காத அளவு என்றால் பூமா, நாக்ஸா, பேக்ஸ் மரபணுக்களையும் இயக்குகிறது. அதற்குப்பின் நடப்பது 5ஆம் பதில்தான்.

பி53 இல்லாவிட்டால் செல் சாகாது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பி53 நீக்கிய எலியின் தைமஸ் செல்கள் கதிர்வீச்சைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து கொடுத்தால் வழக்கம்போலவே சாகும். ஒரு கொசுறு: யானையின் மரபுத்தொகுதியில் பி53 மரபணுவின் சுமார் 20 பிரதிகள் இருக்கின்றன. அதன் செல்கள் சிறு டிஎன்ஏ சேதத்துக்கே எளிதில் சாகத் துணிகின்றன.

11. அப்படியானால் புற்றுநோய்ச் செல் என்பது சாக மறுக்கும் செல்லா?

பாதி சரி. பிசிஎல்-2 கண்டுபிடிக்கப்பட்டதே ஃபாலிகுலர் லிம்ஃபோமா என்ற நிணச்செல் புற்றில். 14ஆம் 18ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்டதில் பிசிஎல்-2 மரபணு, எதிர்ப்பொருள் மரபணுவின் ஓயாத இயக்கிக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. அதுவரை தெரிந்த புற்று மரபணுக்கள் செல்லைப் பிரியத் தூண்டுபவை. இது அப்படிச் செய்யவில்லை, செல்லைச் சாகவிடாமல் வைத்திருந்தது. 1988இல் டேவிட் வோக்ஸும் உடன் ஆய்ந்தவர்களும் இதைக் காட்டினார்கள்.

மறுபாதி பலருக்கு வியப்பாக இருக்கும்: பல புற்றுச் செல்கள் சாதாரணச் செல்லைவிடச் சாவின் விளிம்புக்கு நெருக்கமாக நிற்கின்றன. உள்ளே பிம் போன்றவை குவிந்து கிடக்கின்றன, பிசிஎல்-2 ஒன்றே பிடித்து நிறுத்துகிறது. அந்தப் பிடியை விலக்கினால் போதும். வெனெட்டோகிளாக்ஸ் மாத்திரை பிசிஎல்-2இன் பள்ளத்தில் பிஎச்3 புரதம் போலவே உட்காருகிறது. 2016இல் ஒருவகை நாள்பட்ட நிணச்செல் இரத்தப் புற்றுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது வேலை செய்யும் வேகமே அதன் ஆபத்து. ஒரேயடியாகச் செத்த செல்கள் பொட்டாசியம், பாஸ்பேட், யூரிக் அமிலத்தை இரத்தத்தில் கொட்டினால் சிறுநீரகமும் இதயமும் தாங்காது. அதனால் அந்த நோயில் நாளொன்றுக்கு 20 மில்லிகிராமில் தொடங்கி, வாரம் ஒரு படியாக 50, 100, 200 என்று ஏறி 5ஆவது வாரத்தில்தான் 400 மில்லிகிராமுக்கு வருகிறார்கள்.

இதற்கு முன் வந்த நேவிட்டோகிளாக்ஸ் பிசிஎல்-எக்ஸ்எல்லையும் சேர்த்துத் தடுத்தது. இரத்தத் தட்டணுக்கள் பிழைப்பது அந்த ஒரு புரதத்தை நம்பித்தான். நோயாளிகளின் தட்டணு எண்ணிக்கை சரிந்தது. எந்தச் செல் எந்தக் காப்பை நம்பி நிற்கிறது என்பது பாடப்புத்தகத்தில் ஒரு அட்டவணை, மருத்துவத்தில் உயிர் விஷயம்.

12. நெக்ரோப்டோசிஸ், பைரோப்டோசிஸ், ஃபெரோப்டோசிஸ்... பெயர்கள் பெருகிக்கொண்டே போகின்றன. எல்லாம் வேறு வேறா?

இந்த மூன்றும் வேறு வேறுதான். இவற்றைத் தாண்டி வரும் புதுப் பெயர்கள் எல்லாவற்றுக்கும் அந்த உத்தரவாதம் தர மாட்டோம். தடுத்தால் சாவு நிற்கும்படி ஒரு தனி மூலக்கூறு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்தப் பெயரைத் தள்ளிவைக்கலாம்.

நெக்ரோப்டோசிஸில் ஆர்ஐபிகே1, ஆர்ஐபிகே3 என்ற கைனேஸ்கள் வழியாக எம்எல்கேஎல் புரதம் பாஸ்பேட் ஏற்று, செல்லைச் சூழ்ந்த சவ்வையே உடைக்கிறது. கேஸ்பேஸ்-8 அடக்கப்பட்டபோதுதான் பெரும்பாலும் நடக்கும். பைரோப்டோசிஸில் கிருமியை உணர்ந்த இன்ஃபிளமசோம் என்ற புரதத் தொகுப்பு கேஸ்பேஸ்-1ஐ இயக்க, அது கேஸ்டெர்மின் டி-யை வெட்டுகிறது. அதன் துண்டு சவ்வில் துளையிட்டு, அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின்-1 பீட்டாவை வெளியே விடுகிறது. கேஸ்பேஸ் இருக்கிறதே, அப்படியானால் அப்போப்டோசிஸ்தானே என்று குழம்ப வேண்டாம். இந்தக் கேஸ்பேஸின் வேலையே அழற்சியைக் கிளப்புவது. ஃபெரோப்டோசிஸ் 2012இல் பெயர் பெற்றது. இதில் கொல்லும் நொதி என்று எதுவும் இல்லை. இரும்பின் துணையோடு சவ்வுக் கொழுப்பு ஆக்சிஜனேற்றம் அடைகிறது. குளூட்டாதயோனைக் கொண்டு அதைச் சரிசெய்யும் ஜிபிஎக்ஸ்4 நொதி ஓய்ந்தால் செல் சாகிறது. ஃபெரோஸ்டாட்டின்-1 போட்டால் நிற்கும், கேஸ்பேஸ் தடுப்பான் போட்டால் நிற்காது.

13. ஆட்டோபேஜியும் ஒருவகைச் சாவுதானே?

பெரும்பாலும் இல்லை. பட்டினியில் செல் தன் பழைய பாகங்களைச் செரித்து நாளைத் தள்ளும் வழி அது. யோஷினோரி ஓசுமிக்கு 2016இல் நோபல் பரிசு கிடைத்ததும் இந்த மறுசுழற்சியைப் புரியவைத்ததற்குத்தான். சாகும் செல்லில் ஆட்டோபேஜி தெரிகிறது என்றால், காய்ச்சல்காரர் தலைமாட்டில் மருந்துப் புட்டி இருப்பது மாதிரி. புட்டியைக் குற்றம் சொல்வதற்கு முன், ஆட்டோபேஜி மரபணுவை நீக்கினால் செல் பிழைக்கிறதா, இன்னும் சீக்கிரம் சாகிறதா என்று பாருங்கள். பெரும்பாலான சோதனைகளில் சீக்கிரம் சாகிறது.

14. கேஸ்பேஸைத் தடுத்துவிட்டால் செல் பிழைத்துக்கொள்ளுமா?

சாவு மைட்டோகாண்ட்ரியா வழியாக வந்திருந்தால் பெரும்பாலும் பிழைக்காது. துளை விழுந்தபின் சுவாசம் குலைந்துவிடுகிறது. கேஸ்பேஸ் இல்லாமலே மெதுவாக, அலங்கோலமாகச் சாகும். அதனால்தான் "திரும்ப முடியாத எல்லை" என்று பலர் கேஸ்பேஸைக் காட்டாமல் துளையைக் காட்டுகிறார்கள். ஏற்பி வழியாக வந்திருந்தால் இன்னொரு சிக்கல்: கேஸ்பேஸ்-8ஐத் தடுப்பது 12ஆம் பதிலின் நெக்ரோப்டோசிஸுக்குக் கதவைத் திறந்துவிடும். கேஸ்பேஸ்-8 இல்லாத எலிக்கரு கருவிலேயே சாகிறது. ஆர்ஐபிகே3ஐயும் சேர்த்து நீக்கினால் பிறந்து வளர்கிறது.

அந்த எல்லையும் கல்வெட்டு அல்ல. கொப்புளம் எழுந்து, கேஸ்பேஸ் விழித்த செல்களிலிருந்துகூட நஞ்சை உடனே கழுவி எடுத்தால் சில மீண்டு பழைய உருவம் பெறுகின்றன. அனாஸ்டாசிஸ் என்று இதற்குப் பெயர். மீண்டவற்றில் சில டிஎன்ஏ வெட்டுகளோடு வாழ்வதுதான் கவலை.

15. அனெக்சின்-பிஐ சோதனையில் எல்லாச் செல்லும் இரண்டு சாயமும் ஏற்றுகிறது. ஆரம்பநிலைச் சாவு தெரியவே இல்லை. என்ன தப்பு?

அனெக்சின் ஒட்டுவது 8ஆம் பதிலின் பாஸ்பாட்டிடைல்செரினில். பிஐ (புரோப்பிடியம் அயோடைடு) சவ்வு கிழிந்த செல்லுக்குள் மட்டும் புகுந்து டிஎன்ஏவில் ஏறும். தப்பு பெரும்பாலும் நேரம். தட்டில் மேக்ரோபேஜ் இல்லை, எனவே 8ஆம் பதிலில் சொன்னபடி எடுக்காமல் விட்ட செல்கள் எல்லாம் வெடித்துவிடுகின்றன. 24 மணியில் மட்டும் பார்த்தால் இரட்டைச் சாயம்தான் மிஞ்சும். 2, 4, 8, 16, 24 மணிகளில் எடுங்கள். அனெக்சின் மட்டும் ஏற்றிய கூட்டம் முதலில் வந்து பிறகு இரட்டைச் சாயத்துக்கு நகர்ந்தால் அப்போப்டோசிஸ். முதலிலிருந்தே இரட்டை என்றால் சவ்வு உடையும் வகையாக இருக்கலாம்: சவ்வு கிழிந்தால் அனெக்சின் உள்ளே போய் அங்குள்ள கொழுப்பிலேயே ஒட்டிக்கொள்ளும். 20 மைக்ரோமோலார் சீ-வேட் என்ற கேஸ்பேஸ் தடுப்பானோடு இன்னொரு குழாய் வைத்துப் பாருங்கள்.

அடுத்தது கைப்பக்குவம். மிதக்கும் செல்களை ஊடகத்தோடு கொட்டிவிடாதீர்கள், செத்தவை அதில்தான் இருக்கின்றன. ஒட்டிய செல்களைச் சுரண்டாதீர்கள், சவ்வு கிழியும். டிரிப்சின் மென்மையாக, குறைந்த நேரம். 300 ஜி விசையில் 5 நிமிடம் சுழற்றி, குளிர்ந்த பிபிஎஸ் உப்புக் கரைசலில் இருமுறை கழுவி, 100 மைக்ரோலிட்டரில் 1 லட்சம் செல் வரும்படி பிணைப்புக் கரைசலில் கலக்குங்கள். அனெக்சினும் பிஐயும் சேர்த்து அறை வெப்பத்தில் இருட்டில் 15 நிமிடம். பிறகு 400 மைக்ரோலிட்டர் கரைசல் சேர்த்து 1 மணி நேரத்துக்குள் கருவியில் ஓட்டிவிடுங்கள்.

அனெக்சின் ஒட்டவே இல்லை என்றால் கால்சியத்தைச் சந்தேகியுங்கள். கரைசலில் 2.5 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு வேண்டும். இடிடிஏ மிச்சமிருந்தால் அதைப் பிடுங்கிக்கொள்ளும். சாயமற்ற குழாய், தனி அனெக்சின், தனி பிஐ மூன்றும் இல்லாமல் எல்லைக்கோடு போடுவது ஊகம்தான். சாவு உறுதியாகத் தெரிய வேண்டிய குழாய்க்கு ஸ்டாரோஸ்போரின் 1 மைக்ரோமோலார், 4 முதல் 6 மணி நேரம் பல செல்வகைகளில் போதும்.

16. டியூனெல் வந்துவிட்டது, எம்டிடியும் குறைந்துவிட்டது. அப்போப்டோசிஸ் என்று எழுதிவிடலாமா?

கூடாது. டியூனெல் காட்டுவது அறுந்த டிஎன்ஏ நுனிகளை. நெக்ரோசிஸிலும் அறும், திசுவைப் பதப்படுத்தத் தாமதித்தாலும் அறும். எம்டிடி காட்டுவது வளர்சிதைமாற்றத்தை. செல் சாகாமல் பிரிவதை நிறுத்தினாலே குறையும். குறைந்தது இரண்டு வேறு வகைச் சான்று வேண்டும், அதில் ஒன்று கேஸ்பேஸ் சார்ந்ததாக இருக்கட்டும். வெட்டுப்பட்ட கேஸ்பேஸ்-3இன் 17, 19 கிலோடால்டன் பட்டைகள், கேஸ்பேஸ் வெட்டும் பார்ப் புரதம் 116இலிருந்து 89 கிலோடால்டனுக்கு இறங்குவது, தடுப்பான் போட்டால் சாவு குறைவது ஆகியவற்றில் எது கைக்கு எட்டுகிறதோ அது.

17. எம்சிஎஃப்-7 செல் கண்ணெதிரே சாகிறது, ஆனால் கேஸ்பேஸ்-3 பட்டை வரவே மாட்டேன் என்கிறது. ஆன்டிபாடி கெட்டுவிட்டதா?

ஆன்டிபாடியைத் தூக்கிப் போடாதீர்கள். எம்சிஎஃப்-7 என்ற மார்பகப் புற்றுச் செல்வகையின் கேஸ்பேஸ்-3 மரபணுவில் 47 இணை காரங்கள் விடுபட்டுப்போயிருக்கின்றன. அந்தப் புரதமே அதில் கிடையாது. கேஸ்பேஸ்-7 இருப்பதால் செல் சாகும், பார்ப் வெட்டுப்படும். 7ஆம் பதிலின் ஏணிப்படி மட்டும் வராது. ஒப்பிட, ஜர்காட் செல் மாதிரி கேஸ்பேஸ்-3 உள்ள ஒன்றை ஜெல்லின் பக்கத்துப் பள்ளத்தில் ஏற்றிப் பாருங்கள்.

18. செடிக்கும் பாக்டீரியாவுக்கும் அப்போப்டோசிஸ் உண்டா?

திட்டமிட்ட சாவு உண்டு, அப்போப்டோசிஸ் என்று சொல்வது பொருந்தாது. செடிக்குக் கேஸ்பேஸ் இல்லை. செல்சுவர் இருப்பதால் பொட்டலமாகப் பிரிவதும் விழுங்குவதும் நடக்காது. ஆனால் நீர் கடத்தும் சைலம் நாளம் வேலைக்கு வருவதே அதன் செல்கள் செத்தபின்தான். கிருமி தாக்கிய இலையில் சுற்றுச் செல்கள் தாமே செத்துப் புள்ளியாகக் காய்ந்து, நோயை அங்கேயே அடைத்துப் போடும். பாக்டீரியாவிலும் ஃபேஜ் என்ற வைரஸ் புகுந்த செல் தான் செத்துக் கூட்டத்தைக் காப்பது உண்டு.

19. புதிதாக உருவாகாத நியூரானும் இதயத் தசையும் இவ்வளவு எளிதில் சாகலாமா?

எளிதில் சாவதில்லை. வளர்ந்த மூளையிலும் இதயத்திலும் பேக்ஸ், பேக், அப்பாஃப்-1 போன்றவை வெகுவாகக் குறைக்கப்பட்டிருக்கின்றன. உறை இருக்கிறது, கத்தி இல்லை என்ற நிலை. பிறந்த சில காலம் வரை அதே உறுப்புகளில் இவை நிறைய இருக்கும், 3ஆம் பதிலில் சொன்ன செதுக்கல் வேலைக்காக. சிறு குழந்தையின் மூளை கதிர்வீச்சையும் சில புற்று மருந்துகளையும் வளர்ந்தவர் மூளை அளவுக்குத் தாங்காமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் இந்தப் பாதுகாப்பு உதவாது. இரத்தம் நின்ற நடுப்பகுதியில் ஏடிபி தீர்ந்துவிடுகிறது. அப்போப்டோசோம் கட்டக்கூட வழியில்லாமல் செல்கள் நெக்ரோசிஸில் போகின்றன. அதைச் சுற்றியுள்ள வளையத்தில் கொஞ்சம் ஏடிபி மிச்சம் இருக்கும். அங்கே சாவு சில மணி நேரம் முதல் சில நாள் வரை பல வழிகளில் தொடர்கிறது. அடைப்பைச் சீக்கிரம் நீக்கிக் காப்பாற்ற முயல்வது அந்த வளையத்தைத்தான்.